மில்வாக்கியில் இறக்கை விரியும் நேரம்

விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் துறைமுக நகரம் மில்வாக்கி. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோரும், சிகாகோ வரை போய்விட்டுப் பக்கத்தில் வேறென்ன இருக்கிறது என்று தேடுபவர்களும் அந்த ஊரின் அருங்காட்சியகங்கள் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மில்வாக்கி கலை அருங்காட்சியகத்தின் இறக்கைகள் விரிவதை வீடியோவில் பார்த்தேன். நேரில் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? எங்கே நிற்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

மதியம் 12 மணிக்கு. கண்ணாடி மண்டபத்தின் மேல் பறவைச் சிறகு போல விரிந்து மடங்கும் எஃகு அமைப்பைத்தான் இறக்கை என்கிறோம். காலை 10 மணிக்குக் கதவு திறக்கும்போது இறக்கை விரியும், மாலையில் மூடும்போது மடங்கும். நண்பகலில் மட்டும் ஒருமுறை மடங்கி மறுபடி விரியும். இரண்டு அசைவையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க அதுதான் சரியான நேரம். ஒருமுறை விரிய ஏறக்குறைய மூன்றரை நிமிடம் ஆகும். ஆகவே 12 மணிக்குப் பத்து நிமிடம் முன்பே இடம் பிடித்துக்கொள்ளுங்கள். திங்களும் செவ்வாயும் விடுமுறை. வியாழனன்று இரவு 8 மணி வரை திறந்திருக்கும், மற்ற நாட்களில் 5 மணி வரை.

வெளியிலிருந்து பார்ப்பதென்றால் விஸ்கான்சின் அவென்யூ ஏரியைத் தொடும் முனையில், ரெய்மன் நடைபாலம் தொடங்குமிடத்தில் நில்லுங்கள். பாலமும் சாய்ந்த கம்பமும் இறக்கையும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படிதான் சான்டியாகோ கலாத்ராவா இதை வடிவமைத்தார். கட்டடத்தின் அடியில் போய் நின்றால் பாதி இறக்கைதான் கண்ணில் படும். நல்ல வெயில் நாளாக இருந்தால் உள்ளே 90 அடி உயரக் கண்ணாடி மண்டபத்தில் நிற்பதும் நல்லது. இறக்கை அசைய அசைய அதன் நிழல் வெள்ளைப் பளிங்குத் தரையில் கோடு கோடாக நகரும். எங்களைக் கேட்டால் வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை. வியாழனன்று போனால் நண்பகலுக்கு வெளியே, இரவு மூடும்போது உள்ளே என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரவில் அந்த நிழல் கிடைக்காது.

பலர் ஏமாறுவது காற்றால். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 217 அடி. மொத்தம் 72 எஃகுத் தண்டுகள், தென்னை ஓலையின் ஈர்க்குகளை வரிசையாக அடுக்கியது போல. நீளமானது 105 அடி, குட்டையானது 26 அடி. எடை 90 டன். இவ்வளவும் விரிந்து நிற்கும்போது ஏரிக்காற்று அடித்தால் என்ன ஆகும்? அதற்காகவே உணரிகள் பொருத்தியிருக்கிறார்கள். காற்று மணிக்கு 23 மைல், அதாவது 37 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி மூன்று நொடிக்கு மேல் நீடித்தால் இறக்கை தானாக மடங்கிவிடும், யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. காற்று பலமாக இருந்தால் அன்று விரிக்கவே மாட்டார்கள். அதனால் முதல் நாள் இரவே வானிலைக் குறிப்பைப் பாருங்கள். சராசரிக் காற்று வேகத்தைப் பார்த்தால் போதாது, திடீர்க் காற்றின் வேகம் என்று தனியாகப் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். ஊருக்குள் இலை அசையாத நாளிலும் ஏரிக்கரையில் காற்று தள்ளும்.

இறக்கை என்று நாம் சொன்னாலும் அதன் வேலை நிழல் தருவது. நம் வீட்டு வாசலில் வெயிலுக்குத் தட்டி கட்டி, சாயங்காலம் சுருட்டி வைப்போமே, அதே வேலை.

இறக்கையைத் தவிர உள்ளே பார்க்க என்ன இருக்கிறது? ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன். அரை நாள் கிடைக்கும்.
– வாசகி, சென்னை

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல ஆசை. அங்கே வருபவர்களில் நிறையப் பேர் கண்ணாடி மண்டபத்தில் படம் எடுத்துக்கொண்டு, கடையில் ஒரு காந்த வில்லை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கலாத்ராவாவின் கூடம் 2001-ல் வந்தது. வரவேற்பு, அரங்கம், கடை, உணவகம், தற்காலிகக் கண்காட்சி, பெரும்பாலும் இவைதான் அதில். நிரந்தரச் சேகரிப்பு இருப்பது பழைய கட்டடங்களில். ஏரோ சாரினென் வடிவமைத்த போர் நினைவு மையம் 1957-ல் திறந்தது, அதனோடு டேவிட் காலர் 1975-ல் சேர்த்த பகுதி ஒன்று உண்டு. மண்டபத்திலிருந்து மீன்முள் போல வளைந்த வெள்ளைத் தாழ்வாரங்கள் அங்கே கொண்டுபோகும். அவற்றில் நடக்காமல் திரும்பினால் அருங்காட்சியகத்தைப் பார்த்ததாகவே ஆகாது. உள்ளே நுழைந்ததும் ஒரு வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பழைய பகுதிக்குப் போங்கள். களைப்பில்லாத கண்ணோடு ஓவியங்கள், மண்டபம் கடைசியில்.

மொத்தச் சேகரிப்பு 30,000-க்கு மேல். ஓவியம் படிப்பவர் நின்று பார்க்க வேண்டியவை என்று நாங்கள் நினைப்பவை சில.

சுர்பரான் 1630-களின் தொடக்கத்தில் வரைந்த, கல்லறையில் நிற்கும் புனித பிரான்சிஸ். ஏறக்குறைய ஆள் உயரம். தலைமறைப்பு கண்களை மூடிவிட, கையில் மண்டையோடு. முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள், இருட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்து நிற்பது போல இருக்கும். பிறகு கிட்டே போய் அங்கியின் ஒட்டுத்துணிகளையும் மடிப்புகளையும் பாருங்கள். பழுப்பிலும் சாம்பலிலும் எத்தனை படிகள்! ஒளி ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது. அந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டு மொத்தப் படத்தையும் கட்டியிருக்கிறார்.

பாஸ்தியன்-லெபாஜின் 1881-ஆம் ஆண்டு ஓவியத்தில் முதுகு வளைய விறகுக்கட்டைச் சுமந்து வரும் கிழவரும், பக்கத்தில் பூப்பறிக்கும் சிறுமியும் இருப்பார்கள். முகமும் கையும் நுணுக்கமாக இருக்கும், சுற்றியிருக்கும் செடிகொடிகள் தளர்ந்த வீச்சில் இருக்கும். எதை முடிப்பது, எதை விட்டுவிடுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

டுவேன் ஹான்சன் 1973-ல் செய்த துப்புரவுப் பணியாளர் சிலை சுவரில் சாய்ந்து நிற்கும். உண்மையான ஆள் என்று நினைத்து வழி கேட்கப் போகிறவர்கள் உண்டு. ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1887-ல் பிறந்தது இதே விஸ்கான்சினில், சன் ப்ரெய்ரி என்ற ஊரில். அவருடைய படைப்புகள் இங்கே கணிசமாக இருக்கின்றன. ஹெய்ட்டி ஓவியத் தொகுப்பையும் தவறவிடாதீர்கள். வண்ணங்களைப் பார்த்தால் நம் கோயில் திருவிழா நினைவுக்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. எந்த அருங்காட்சியகத்திலும் எல்லாப் படைப்பும் எப்போதும் சுவரில் இருக்காது. வேறு ஊருக்கு இரவல் போயிருக்கலாம், காகித ஓவியமாக இருந்தால் வெளிச்சம் படாமல் ஓய்வில் வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட ஒன்றுக்காகவே போவதானால் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் அந்தப் படைப்பு இப்போது காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம், முக்காலி கூடாது. முதுகுப்பையைப் பொருள் காப்பிடத்தில் கொடுத்துவிட்டால் பென்சிலோடு ஒரு சிறு குறிப்பேடு போதும்; பேனா வேண்டாம்.

வெளியே வரும்போது நகரத்தைப் பார்த்திருக்கும் சாரினென் கட்டடத்தின் மேற்கு முகப்பையும் பாருங்கள். அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பளிங்கு, கண்ணாடித் துண்டுகளால் எட்மண்ட் லெவாண்டோவ்ஸ்கி செய்த பதிகல் ஓவியம் இருக்கிறது. ஏதோ கோலம் போலத் தெரியும் அந்தக் குறிகள் ரோமன் எண்கள்: இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அமெரிக்கா போரிட்ட ஆண்டுகள்.

சிகாகோவிலிருந்து கார் இல்லாமல் போய் வர முடியுமா?
– வாசகர், மதுரை

தாராளமாக. சிகாகோ யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஆம்ட்ராக்கின் ஹியாவதா ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். ஒரு நாளில் பல முறை ஓடுகிறது. மில்வாக்கி என்ற பெயரில் இரண்டு நிலையங்கள் உண்டு. முதலில் வருவது விமான நிலையத்துக்கானது, பெயரைக் கேட்டதும் எழுந்து இறங்கிவிடாதீர்கள். கடைசியில் வரும் இன்டர்மோடல் ஸ்டேஷன்தான் ஊர் நடுவில் இருக்கிறது. திரும்பும் ரயிலையும் காலையிலேயே பதிவு செய்துவிடுங்கள். வியாழன் இரவு 8 மணி வரை அருங்காட்சியகத்தில் இருக்க நினைப்பவர்கள் கடைசி ரயில் எப்போது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நிலையத்திலிருந்து கலை அருங்காட்சியகம் நடந்தால் அரை மணி. தி ஹாப் என்ற டிராம் வண்டிக்குக் கட்டணம் இல்லை. அதன் எம் வரி நிலையத்தருகிலிருந்து கிளம்பும், எல் வரி ஏரிக்கரைப் பக்கம் போகும். எங்கே மாற வேண்டும் என்பதை நிறுத்தத்தில் இருக்கும் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடப்பவர்கள் மில்வாக்கி ஆற்றுப் பாலங்களைக் கவனியுங்கள். நேராக இல்லாமல் கோணலாகப் போகும். ஆற்றின் கிழக்கே சாலமன் ஜூனோவின் குடியிருப்பு, மேற்கே பைரன் கில்போர்னுடையது. இரு தரப்புக்கும் ஆகாது. எதிர்க்கரைத் தெருக்களோடு பொருந்தாதபடியே கில்போர்ன் தன் தெருக்களை அமைத்தார். 1845-ல் பாலங்களை உடைக்கும் அளவுக்குச் சண்டை முற்றியது, மறு ஆண்டு இரு கரையும் ஒரே நகரமாயின. தெருக்கள் மட்டும் இன்றுவரை சேரவில்லை. அதனால்தான் பாலத்தைச் சாய்த்துப் போட்டு இணைக்க வேண்டியிருந்தது. கோடையில் படகுக்காகப் பாலம் தூக்கினால் சில நிமிடம் நிற்க நேரிடும்.

அந்தப் பக்கம் நம் ஊர்ச் சிற்பம் ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, நாகப்பட்டினம்

உங்கள் ஊருடையதே இருக்கிறது, ஆனால் சிகாகோவில். சிகாகோ கலை நிறுவனத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் அமர்ந்திருக்கிறார். 12-ஆம் நூற்றாண்டு, சோழர் காலம், கருங்கல், தியான நிலை. முதலாம் இராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசரின் ஆதரவில் நாகையில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் எழுந்ததும், அதற்கு ஆனைமங்கலம் ஊர் தானமானதும் லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. கடல் கடந்து வணிகர்கள் வந்துபோன துறைமுகத்தின் புத்தர் இன்று இன்னொரு துறைமுக நகரத்தில். தலைமேல் சுடர் போன்ற முடி, உள்ளங்கைக் குறிகள் இரண்டையும் அருகில் போய்ப் பாருங்கள். முதுகுப் பக்கமும் போய்ப் பாருங்கள். கோயிலில் அது நமக்குக் கிடைக்காத வாய்ப்பு.

யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஆடம்ஸ் தெருவில் கிழக்கே கால் மணி, இருபது நிமிடம் நடந்தால் வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் தெரியும். சிகாகோ கலை நிறுவனத்துக்குச் செவ்வாய், புதன் விடுமுறை. மில்வாக்கிக்குத் திங்கள், செவ்வாய். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்க்க வியாழன் முதல் ஞாயிறு வரை பொருந்தும். நாட்களை அவ்வப்போது மாற்றுவார்கள், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

வார்ப்படத் தொழிலில் இருக்கிறேன். ஓவியம் எனக்குப் புரியாது. மகள் கூப்பிடுகிறாள். எனக்கு என்ன இருக்கிறது?
– வாசகர், கோவை

உங்களுக்காகவே கட்டியது போல ஒன்று இருக்கிறது. மில்வாக்கி பொறியியல் கல்லூரியின் குரோமன் அருங்காட்சியகம். அலுமினிய வார்ப்படத் தொழில் நடத்திய எக்கார்ட் குரோமன் சேர்த்துவைத்த ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன, ஆயிரத்துக்கு மேல். 2007-ல் திறந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பொருள், உழைப்பு. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொடங்கி உலைக்களம், சுரங்கம், கல்லுடைப்பு, கொல்லர் பட்டறை, அறுவடை, கப்பல் கட்டுதல் என்று போகும். உருகிய இரும்பு ஓடும் ஓவியத்தின் முன் நின்றால் ஓவியர் நேரில் பார்த்து வரைந்தாரா என்பதை உங்களால் சொல்ல முடியும். சூட்டின் நிறம் வெள்ளையிலிருந்து ஆரஞ்சுக்கு எங்கே மாறுகிறது, ஆட்கள் முகத்தை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மகளுக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கூரையிலும் வெண்கலத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள், தெருவிலிருந்தே தெரியும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இன்னும் நேரமிருந்தால் ஹார்லி-டேவிட்சன் அருங்காட்சியகம். 1903-ல் இந்த ஊரில் பிறந்த மோட்டார் சைக்கிள் நிறுவனம். 'முதல் எண்' என்று அழைக்கப்படும், அவர்களுடைய மிகப் பழைய வண்டி அங்கே இருக்கிறது. எங்களுக்கு மனத்தில் நிற்பது வேறொரு வண்டி. 2011 சுனாமியில் ஜப்பானிலிருந்து அடித்துச் செல்லப்பட்டு, பெட்டகத்தோடு பசிபிக்கைக் கடந்து, மறு ஆண்டு கனடாக் கரையில் ஒதுங்கியது. உரிமையாளர் விருப்பப்படி துரு ஏறிய நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். சுனாமியைக் கண்ட கரைக்காரர்கள் அதைச் சும்மா கடந்துபோக முடியாது.

7 வயதிலும் 10 வயதிலும் பேரப்பிள்ளைகள். கலை அருங்காட்சியகத்தில் சலித்துவிடுவார்களே?
– வாசகி, சேலம்

இறக்கை அசையும்வரை சலிக்காது. 12 வயது வரை அனுமதி இலவசம் என்பதால் முக்கால் மணியில் வெளியே வந்தாலும் நஷ்டமில்லை.

அடுத்து மில்வாக்கி பொது அருங்காட்சியகம். 1890-ல் கார்ல் ஏக்லி செய்த நீரெலிக் காட்சிப்பெட்டி அங்கேதான் இருக்கிறது. நீருக்கு மேலேயும் கீழேயும் அந்த எலிகள் வாழ்வதை ஒரே பெட்டியில் காட்டியிருப்பார். அதற்கு முன் பெரும்பாலும் பஞ்சடைத்த விலங்கைப் பலகையில் நிறுத்துவதே வழக்கம். பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை கொடுங்கள்: காட்டெருமை வேட்டைக் காட்சியின் அருகே எங்கோ ஒரு பொத்தான் ஒளிந்திருக்கிறது. அழுத்தினால் கிலுகிலுப்பைப் பாம்பின் வால் ஆடும். எங்கே என்று இங்கே சொல்ல மாட்டோம், தேடுவதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம். இந்த அருங்காட்சியகம் 2027-ல் புதிய கட்டடத்துக்கு மாறுகிறது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மூட்டுவலி. அதிகம் நடக்க முடியாது.
– வாசகி, ஈரோடு

கலை அருங்காட்சியகம் உங்களுக்கு எளிது. அடித்தளத்தில் கார் நிறுத்தி மின்தூக்கியில் மேலே வந்துவிடலாம், சக்கர நாற்காலியும் கேட்டால் தருவார்கள். ரெய்மன் பாலம் வழியாக நடந்து வர வேண்டாம், காற்றில் சிரமம். ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் பக்கத்துத் திடலில் சம்மர்ஃபெஸ்ட் இசைவிழா நடக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. 1892-ல் கட்டிய பாப்ஸ்ட் மாளிகை அழகானதுதான், ஆனால் மேல் தளங்களுக்குப் படியேற வேண்டும். முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

துறைமுக நகரம் என்கிறீர்களே, கப்பல் எங்கே நிற்கும்? பழைய தேவாலயங்களும் உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

சரக்குத் துறை ஜோன்ஸ் தீவில், மூன்று ஆறுகள் ஒன்றாகி ஏரியில் சேரும் முகத்துவாரத்தின் அருகில். உப்புக் குவியலைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். உங்கள் ஊர் உப்பளம் போல அங்கே விளைந்ததல்ல, குளிர்காலச் சாலைகளில் பனியுருக்கத் தூவுவதற்காக வந்திறங்கும் உப்பு. 1959-ல் செயின்ட் லாரன்ஸ் கால்வாய் வழி திறந்தபிறகு அட்லாண்டிக்கிலிருந்து கடற்கப்பல் இவ்வளவு தூரம் உள்ளே வருகிறது. குளிர்காலத்தில் மதகுகளை மூடிவிடுவதால் அந்த மாதங்களில் வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்க்காதீர்கள். கலை அருங்காட்சியகத்துக்குத் தெற்கே லேக்‌ஷோர் பூங்காவில் நடந்தால் துறைமுக வாயில் கண்ணுக்கு எட்டும்.

தேவாலயம் இரண்டைச் சொல்வோம். மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள புனித ஜோன் ஆஃப் ஆர்க் சிற்றாலயம் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் 15-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கல் கல்லாகப் பிரித்து 1920-களில் நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்கு வந்தது, பிறகு மறுபடி பிரித்து 1960-களில் இங்கே சேர்த்துக் கட்டினார்கள். உள்ளே ஒரு கல்லை ஜோன் முத்தமிட்டதாகவும், அது சுற்றியுள்ள கற்களைவிட எப்போதும் குளிர்ந்திருப்பதாகவும் நம்பிக்கை. தொட்டுப் பார்க்க விடுவார்கள். பூசை நேரத்தில் மட்டும் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள்.

மற்றொன்று போலந்துக் குடியேறிகள் எழுப்பிய புனித ஜோசபாத் பேராலயம், 1901-ல் முடிந்தது. சிகாகோவில் இடித்த தபால் மாளிகையின் கற்களை 20,000 டாலருக்கு வாங்கி, சுமார் 500 ரயில் பெட்டிகளில் ஏற்றி வந்து கட்டினார்கள். கதவின் பித்தளைப் பிடிகளைப் பாருங்கள், அந்தச் சிகாகோ கட்டடத்தின் சின்னம் இன்னும் அவற்றில் இருக்கிறது.

ஜனவரியில் போகிறேன். கேமராவும் கொண்டுபோகிறேன்.
– வாசகர், புதுச்சேரி

உறைநிலைக்குக் கீழே இருக்கும். இறக்கை விரிவது அன்றன்றைய வானிலையைப் பொறுத்தது. உடைக்கு அடுத்து உங்கள் பிரச்சினை ஈரம். வெளியே குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் எடுத்தவுடன் லென்ஸில் பனித்துளி படியும். மிட்செல் பூங்காவின் மூன்று கண்ணாடிக் கும்மட்டங்களில், முக்கியமாக மழைக்காட்டுக் கும்மட்டத்தில் இது மோசம், மூக்குக்கண்ணாடியும் மறைந்துவிடும். வாசலுக்கு வெளியிலேயே, குளிரில் இருக்கும்போதே, கேமராவை அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமராவில் படியாது. உள்ளே போய் அரை மணி கழித்துப் பையைத் திறக்கலாம். லென்ஸை அதற்குள் கழற்றவோ துடைக்கவோ வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.